ரஷ்ய அதிகாரிக்கு நான் கொடுத்த குரல்

பல்லாவரம் தாண்டி, குரோம்பேட்டைக்கு வண்டி வேகம் குறைத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அது முதலில் என் மண்டையில் உதித்ததா என் சிநேகிதன் சேவியர் மண்டையில் உதித்ததா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு. சனிக்கிழமை மாலை மின்சார ரயில், கால் வைக்க இடமில்லாத கூட்டம், எங்கள் இருவர் மடியிலும் தகர டப்பாக்கள், டப்பாக்களுக்குள் ஒரு பழைய ரஷ்யப் படம். கறுப்பு வெள்ளை. நகரத்தில் இந்த மாதிரிப் படங்களைக் கடன் கொடுக்கும் ஓர் இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தோம். கூடவே ஆங்கிலத்தில் அரைப்பக்கம் கதைச் சுருக்கம் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டேன்.

“மச்சான், போச்சு. இதுல சப்டைட்டில் கிடையாதாம்.”

“அதனால?”

“அதனாலயா? முழுக்க ரஷ்யன்டா. பத்து நிமிஷத்துல நாற்காலி எல்லாம் காலியாயிடும்.”

வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் கூடையை எங்கள் தலைக்கு மேலாக நகர்த்திக்கொண்டு போனார். கூடை கடந்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாமே தமிழில் பேசிவிட்டால் என்ன? படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் மைக் வைத்து உட்கார்ந்து, அங்கே உதடு அசையும்போதெல்லாம் இங்கே நாம் பேசினால்? சானடோரியம் வருவதற்குள் யாருக்கு எந்த வேஷம் என்று பிரித்தே விட்டோம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியலில் முதுகலை படித்தவன். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வெள்ளையாக ஏதோ நின்றது என்று யாராவது சொன்னால், காற்று எந்தப் பக்கம் அடித்தது, லாரி விளக்கு எந்தக் கோணத்தில் விழுந்தது என்று கேட்டுக் கேட்டே அவர்களை வெறுப்பேற்றியவன். பேயை அப்போதும் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. நான் சொல்லப்போவதில் பேய் கிடையாது. ஒரு படம், ஒரு மைக், என் குரல், என் சிநேகிதனின் கால்கள். இவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எனக்கு ஒரு விளக்கம் சொன்னால் உங்கள் வீட்டுக்கே வந்து காலில் விழுகிறேன்.

இது நடந்தது சோவியத் உடைவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு திரைப்படக் கழகம் நடத்திக்கொண்டிருந்தோம். கழகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிழக்குத் தாம்பரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சமூகக்கூடம், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஜன்னல்களில் கறுப்புத் துணி, வாடகைக்குப் புரொஜக்டர். பார்க்க வருகிறவர்கள் ரயில்வே குடியிருப்பு ஆட்கள், சிட்லபாக்கத்து ஓய்வுபெற்ற சார்கள், ஹாஸ்டலில் பொழுது போகாத மாணவர்கள்.

சேவியர் எங்கள் கழகத்தின் குரல். சர்ச் திருவிழாவில் “காணாமல் போன குழந்தை மேடைக்குப் பின்னால் இருக்கிறது” என்பதைக்கூட நான்கு விதமாகச் சொல்லிக் கைத்தட்டு வாங்குவான். அம்மா அப்பா இல்லை, அவனை வளர்த்ததெல்லாம் அக்கா ஃபிலோமினா. சேலையூரில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தம்பிக்கு ஒரு வேலை கிடைத்த பிறகுதான் தன் கல்யாணப் பேச்சு என்று முடிவாக இருந்தவர்.

கதைச் சுருக்கத்தில் இருந்த கதை இதுதான். பனி மூடிய ஊர். ஒரு சின்ன ரயில் நிலையம். அங்கே தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவன், தானியம் ஏற்றிய வண்டியொன்றை ராணுவத்துக்குப் போக விடாமல் வேறு தடத்தில் அனுப்பிவிடுகிறான். வண்டி எங்கே போனது என்று ஓர் அதிகாரி வந்து விசாரிக்கிறான். ஒரு மனிதனின் மனசாட்சியைப் பற்றிய படம் என்று முடித்திருந்தார்கள். அடி, உதை என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி நான். பாயிண்ட்ஸ்மேன் சேவியர். மற்ற துண்டு துக்காணி வேஷங்களை இருவரும் பகிர்ந்துகொள்வது. சிக்கல் என்னவென்றால் பாயிண்ட்ஸ்மேனின் பெயர். அது ஒரு கூட்ஸ் வண்டி நீளத்துக்கு இருந்தது, சொல்லும்போதே எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் சிரித்தால் கூட்டம் என்ன செய்யும்?

“விடு, என் பேரையே வெச்சுக்கறேன்” என்றான் சேவியர். “நீ கூப்பிட்டா நான் பட்டுனு திரும்பணும்ல? சேவியர்னு கூப்பிடு, தானா வரும்.”

ஃபிலோமினா அக்கா காபி கொடுத்துக்கொண்டே, “ரஷ்யாவுல ஏதுடா சேவியர்?” என்றார்.

“ஏன் இருக்கக் கூடாது? மாதா கோவில் அங்கயும் இருக்குக்கா.”

அவ்வளவுதான் நடந்தது. யோசித்துப் பார்த்தால் இதைவிட யோசிக்காமல் யாரும் ஒரு முடிவு எடுத்திருக்க முடியாது.

ஒத்திகைக்கு நேரமில்லை, புரொஜக்டரே மறுநாள்தான் வரும். கமால் பாய் அதை டிரை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட், புரொஜக்டர் வாடகைக்கு விடுகிறவர். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“இன்னாபா படம் இது, பாட்டு கீதா?”

“பாட்டு இல்ல பாய்.”

“பைட்டு?”

“தெரியல பாய். பனி இருக்கு.”

“பனிய வெச்சுகினு இன்னா பண்றது, ஐஸ் விக்கறதா?”

அது அக்னி நட்சத்திரம். வெளியே தார் ரோடு செருப்பில் ஒட்டியது. உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கறுப்புத் துணியும் கட்டியாகிவிட்டது, இரண்டு மின்விசிறி, அறுபது எழுபது பேர். திரைக்கு இடது ஓரத்தில் எங்கள் மேஜை, மேஜையில் ஒரே மைக், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நாங்கள் இருவர். சேவியர் செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலைச் சிமெண்ட் தரையில் வைத்துக்கொண்டான். “கீழ கொஞ்சம் ஜில்லுனு இருக்குடா” என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முதல் ரீல் போனது பாருங்கள், அது மாதிரி ஒரு காட்சியை எங்கள் கழகம் கண்டதில்லை. பாயிண்ட்ஸ்மேன் பனியைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்துக்கு வருகிறான், சேவியர் “தாம்பரம் யார்டே பரவாயில்லப்பா” என்கிறான், ரயில்வே ஆட்கள் நாற்காலியைத் தட்டிச் சிரிக்கிறார்கள். தானிய வண்டி வருகிறது. அவன் லீவரைப் பிடித்து இழுத்து வேறு தடத்தில் அதைத் திருப்பிவிடுகிறான். விசில் பறந்தது. பிறகு அதிகாரி வந்தான். ஒல்லியான ஆள், உயரமான தொப்பி, கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் எதையும் பேசுவான். அவன் வாயைத் திறந்தான், நான் என் குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டேன்: “சேவியர். வண்டியை எங்கே அனுப்பினாய்?”

“எந்த வண்டி சார்?”

கூட்டம் சிரித்தது. அதிகாரி ஓங்கி ஓர் அறை விட்டான். பக்கத்தில் சேவியரின் தலை விசுக்கென்று திரும்பியது. நடிப்பு என்றுதான் நினைத்தேன். என்னமாய் உயிரைக் கொடுத்துச் செய்கிறான் என்று எனக்கும் சூடு ஏறியது. மறுபடி கேட்டேன், மறுபடி அறை. பின்வரிசையிலிருந்து யாரோ “போடு! இன்னும் ஒண்ணு!” என்றார்கள். அதிகாரி இடுப்புப் பட்டையை உருவினான். என்னிடம் கதைச் சுருக்கம் இருக்கிறது, அதில் பெல்ட் இல்லை, ஆனால் திரையில் இருக்கிறதே, உதடு அசைகிறதே, நான் பேசித்தானே ஆகவேண்டும். “சட்டையைக் கழற்று” என்றேன். அவனைத் திருப்பி நிறுத்திச் சட்டையைக் கழற்றினார்கள். நான் சொன்ன பிறகு கழற்றினார்களா, கழற்றுவதைப் பார்த்து நான் சொன்னேனா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். தெரியவில்லை.

பெல்ட்டின் கொக்கிப் பக்கத்தால் அடித்தான். அந்தச் சத்தம் படத்தில் குறைத்து வைத்திருந்த ஒலியில் மெலிதாகத்தான் வந்தது. சேவியரின் அலறல்தான் கூடத்தை நிரப்பியது. ஒவ்வொரு அடிக்கும் அவன் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. இருட்டு, திரையின் வெளிச்சம் மட்டும். என் முழங்கையில் ஏதோ ஈரமாகத் தெறித்தது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

ரீல் மாற்றுவதற்காகப் பாய் விளக்கைப் போட்டார். சேவியரின் உதடு பிளந்திருந்தது. இடது கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. முதுகுப் பக்கம் சட்டை கோடு கோடாக ஊறிச் சிவந்திருந்தது.

“டேய், என்னடா இது?”

“மைக் ஸ்டாண்டு இடிச்சுடுச்சு போல.” அவன் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தான். ஒரு பல் ஆடியது. கண்ணில் பயம் இருந்தது, ஆனால் அதைவிட வேறொன்று அதிகமாக இருந்தது, மேடை ஏறினவர்களுக்குத் தெரியும் அது. “கூட்டத்தைப் பாரு மச்சான். ஒருத்தன் எழுந்து போகல. நிறுத்திடாத.”

அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்து வருவதற்குள் பாய் விளக்கை அணைத்துவிட்டார்.

இரண்டாம் ரீல். சரக்குப் பெட்டியின் இரும்புக் கதவு, பக்கவாட்டில் தள்ளிச் சாத்துகிற கதவு. பாயிண்ட்ஸ்மேனின் வலது கையை இழுத்து அந்தக் கதவின் விளிம்பில் வைத்தார்கள். அதிகாரி கையுறையைக் கழற்றி மடித்தான். என் வாய் “எங்கே அனுப்பினாய்?” என்றது. சேவியர் மைக்குக்குப் பக்கத்தில் வலது கையை விரித்து மேஜைமேல் வைத்திருந்தான், நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், அந்தக் கையைச் சுற்றி எதுவும் கிடையாது, மேஜை, மைக், அரைப்பக்கக் காகிதம். “தெரியாது சார்” என்றான். குரல் உடைந்திருந்தது.

“சாத்து” என்றேன்.

கதவு சாத்தியது. மேஜைமேல் இருந்த கையின் விரல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். அதை மைக் பிடித்தது. பிடித்து, பெருக்கி, இரண்டு ஸ்பீக்கரிலும் கூடம் முழுக்கக் கேட்கும்படி விட்டது. நம்பினால் நம்புங்கள், கூட்டம் கைத்தட்டியது. ஏதோ ஸ்பெஷல் சவுண்டு ஏற்பாடு பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தட்டினார்கள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. புரிந்தது என்றால் காரணம் புரியவில்லை, நடப்பது புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

படம் ஓடிக்கொண்டேயிருந்தது. பாயிண்ட்ஸ்மேனை வெறுங்காலோடு வெளியே இழுத்து வந்து, ஸ்டேஷன் சுவரை ஒட்டிப் பனியில் நிறுத்தினார்கள். எதிரே சிப்பாய்கள் வரிசை, துப்பாக்கிகள் உயர்ந்தன. பக்கத்தில் அதிகாரி. இனி அவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. நின்றான். சிப்பாய்கள் நின்றார்கள். பனி மட்டும் பெய்துகொண்டிருந்தது.

“ஏம்பா, பிலிம் மாட்டிக்கிச்சா?” என்று யாரோ கத்தினார்கள்.

“மாட்டல சார், ரீல் சுத்திகினுதான் கீது!” என்றார் பாய். அவர் குரலிலேயே பதற்றம். 16 எம்.எம். பிலிம் ஒரு இடத்தில் நின்றால் விளக்கின் சூட்டில் பொசுங்கிக் குமிழ் விடும், எல்லோரும் பார்த்திருக்கிறோம். இது பொசுங்கவில்லை. பனி விழுகிறது, அதிகாரியின் கோட்டு நுனி காற்றில் ஆடுகிறது, உதடு மட்டும் மூடியிருக்கிறது.

“பேசுடா!” என்று பின்வரிசை. “சுடுறா அவனை!” என்று இன்னொருவன். நாற்காலிகளைத் தரையில் தட்ட ஆரம்பித்தார்கள். தடதடவென்று கூரையே அதிர்ந்தது.

சேவியர் உடையாத கையால் என் சட்டையைப் பிடித்தான். பற்கள் தந்தியடித்தன. அந்த வெக்கையில் அவன் மூச்சு வெள்ளையாக, புகையாக வந்தது. திரை வெளிச்சத்தில் அதை நான் பார்த்தேன். “ஏதாவது பேசிடு மச்சான்” என்றான். “நிக்க முடியல.” நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான் அதை.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அதற்குள் ஃபிலோமினா அக்கா ஓடிவந்து சுவரோடு இருந்த பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் ஜன்னலுக்கு ஓடிக் கறுப்புத் துணியைக் கிழித்து இழுத்தார். மே மாத வெயில் அப்படியே உள்ளே விழுந்தது. கூட்டம் கண்ணைப் பொத்திக்கொண்டது. வெளிச்சத்தில் சேவியரைப் பார்த்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு கைத்தட்டவில்லை. அவன் முகம் முழுக்க ரத்தம். விரல்கள் திசைக்கொன்றாய்த் திரும்பியிருந்தன. மேஜைக்கு அடியில் கால்கள் இரண்டும் கணுக்கால்வரை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. தொட்டேன். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று இருந்த டாக்டர் முன்பு ராணுவத்தில் இருந்தவர். விரல்களுக்குக் கட்டுப் போட்டார், முதுகைத் தைத்தார், யார் அடித்தது, போலீஸா என்று கேட்டார். பிறகு கால்களைப் பார்த்தார். சுண்டுவிரலைத் தட்டினார், மரத்தைத் தட்டினாற்போல் ஒலித்தது.

“தம்பி எங்க போஸ்டிங்?” என்றார். “லடாக்கா?”

“இல்ல சார். கிழக்குத் தாம்பரம்.”

“விளையாடாதீங்க. இது ஃப்ராஸ்ட்பைட். பனியில மணிக்கணக்கா வெறுங்காலோட நின்னாத்தான் சதை இப்படி உறைஞ்சு சாகும். மலை மேல சிப்பாய்களுக்கு நானே எத்தனையோ பேருக்கு விரலை எடுத்திருக்கேன்.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே ஒரு நாய் நிழல் தேடிக்கொண்டிருந்தது. “இவரை எங்கிருந்து கொண்டு வந்தீங்க, உண்மையைச் சொல்லுங்க.”

உண்மையைச் சொன்னேன். அவர் என்னை வெளியே போகச் சொன்னார்.

அந்த மாதமே இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். முதுகும் விரல்களும் ஆறிவிட்டன. கால் ஆறவில்லை. ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள், பீடி குடிப்பானா என்று கேட்டார்கள், அவன் ஹால்ஸ்கூடச் சாப்பிடாதவன். வருடா வருடம் அந்தக் குளிர் மேலே ஏறியது. சித்திரை வெயிலில் இரண்டு ஜோடிக் கம்பளி சாக்ஸும் பூட்ஸும் போட்டுக்கொண்டு சேவியர் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பான், தெருப் பிள்ளைகள் “ஊட்டி மாமா” என்று கூப்பிட்டுவிட்டு ஓடும். அவனும் சிரிப்பான். வேலை என்று எதற்கும் போக முடியவில்லை. அக்காவுக்கு வந்த வரன்களும் வருவதை நிறுத்திவிட்டன. தினமும் மாலை பக்கெட்டில் வெந்நீர், உப்பு, தம்பியின் கால். வெந்நீர் ஐந்து நிமிடத்தில் பச்சைத் தண்ணீராகிவிடும். வெப்பமானி வைத்துப் பார்த்தவன் நான். இதற்கு இயற்பியலில் இடமில்லை.

படச்சுருளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அங்கே அடிக்கடி ஆள் மாறிக்கொண்டிருந்தார்கள், பிறகு அந்த நாடே உடைந்தது, யாரும் கேட்கவில்லை. டப்பாக்கள் எங்கள் வீட்டுப் பரணில் ஏறின. அக்காதான் அவற்றை எரிக்கச் சொல்லிக்கொண்டேயிருந்தார். நான் எரிக்கவில்லை. எரித்தால் சுவரோரம் நிற்கிறவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன், அதன்பிறகு அவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

போன வாரம் அவரே வந்தார். சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போடவில்லை, சுவரில் சாய்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

“முழங்காலுக்குக் கீழ ரெண்டையும் எடுத்துடலாம்ங்கறாங்க. இன்னும் ரெண்டு வாரத்துல ஆபரேஷன்.”

“எடுத்துட்டா குளிர் ஏறறது நின்னுடுமாக்கா?”

“அதைத்தான் நானும் கேட்டேன். அவங்க பதில் சொல்லல.” உள்ளே பரண் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். “அந்தக் கருமத்தை எரிக்காமத்தானே வெச்சிருக்கே? ஓட்டுடா. மிச்சத்தையும் ஓட்டி முடிச்சுடு. அன்னைக்கு பிளக்கைப் பிடுங்கினவ நான், அவனை அங்கயே நிக்க வெச்சுட்டேன்னு எனக்குத் தூக்கமே இல்ல.”

“நீங்க பிடுங்கலன்னா நான் அன்னைக்கு என்ன சொல்லியிருப்பேன்னு யாருக்கும் தெரியாதுக்கா.”

“இப்ப தெரியுமா?”

அன்று பிற்பகலே பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். ஓட்டாமல் மிஞ்சியிருந்த கடைசி ரீல். என்ன வருகிறது என்று தெரியாமல் இன்னொரு முறை மைக் முன்னால் உட்கார நான் தயாரில்லை. மொட்டை மாடியில் கோரைப்பாய் விரித்து, வெள்ளை வேட்டிமேல் சுருளைப் பிரித்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு பிரேமாகப் பார்த்தேன்.

ரீல் முழுக்க ஒரே காட்சி. சுவர், பாயிண்ட்ஸ்மேன், துப்பாக்கி வரிசை, அதிகாரி. வேறு காட்சி இல்லை, முடிவு இல்லை. எந்த நாட்டிலாவது யாராவது ஒரு ரீல் முழுக்க இப்படி எடுப்பார்களா? அசைவது பனி ஒன்றுதான். தொடக்கத்தில் அது அவன் கணுக்காலில் இருக்கிறது. கொஞ்சம் பிரித்தால் கெண்டைக்கால். இன்னும் பிரித்தால் முழங்கால். அங்கே கையை நிறுத்திவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். பிறகு இடுப்பு, மார்பு. சுருளின் கடைசி முழத்தில் முகம் மட்டும் வெளியே தெரிகிறது, வாய் மூடும் உயரத்துக்குப் பனி வந்துவிட்டது, இன்னும் உயிரோடு இருக்கிறான், கண் திறந்திருக்கிறது.

அதுகூட என்னை இவ்வளவு உலுக்கவில்லை. அதிகாரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சுட உத்தரவிடப் போகிறவன் யாரைப் பார்ப்பான்? சுடப்படுகிறவனை, அல்லது சிப்பாய்களை. இவன் இருவரையும் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான பிரேம்களில் ஒன்றில்கூடப் பார்க்கவில்லை. உதட்டை மூடிக்கொண்டு, திரையின் இடது ஓரத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கூடத்தில் அந்த இடத்தில் என் நாற்காலி இருந்தது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. அதே கூடம்தான், ஆனால் கூட்டம் கிடையாது. நான், சேவியர், அக்கா, கமால் பாய். பாய் முதலில் முடியவே முடியாது என்றார், பிறகு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் அரைமணி நேரம் சேவியர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து, “புது லாம்ப் போட்டுகினு வர்றேன், நடுவுல எரிஞ்சு பூட்டா பேஜாரு” என்றார்.

என்ன சொல்வது என்பதில்தான் நேற்றுவரை சண்டை. ‘அவனை விட்டுவிடு, போகட்டும்’ என்று சொல்வதாக நான் முடிவு செய்திருந்தேன். சேவியர் தலையாட்டி மறுத்தான்.

“போகச் சொல்லாத மச்சான். அந்தப் பனியில, வெறுங்காலோட எங்க போவான்? அங்க எல்லாம் வெட்டவெளி. உள்ள கூப்பிடு. ஸ்டேஷன் உள்ள ஒரு அடுப்பு எரியுது, முதல் ரீல்ல பார்த்தேன். அது பக்கத்துல உட்கார வை. காலை நீட்டிக்கச் சொல்லு.”

“அந்த அதிகாரி அப்படிச் சொல்ற ஆள் இல்லையே சேவியர். அவன் எப்படி அதைச் சொல்லுவான்?”

“அவனா சொல்லப் போறான்? நீதானே.”

காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கனமான, அதட்டுகிற குரலில் “உள்ளே வா, அடுப்புப் பக்கத்தில் உட்கார்” என்று சொல்வது சுலபமாக இல்லை. ஒன்று குரல் மாறிவிடுகிறது, இல்லை வார்த்தை மிரட்டலாகிவிடுகிறது. இரண்டும் கெடாமல் வரும்வரை சொல்லிப் பார்க்கிறேன். ஒரு விஷயம் மட்டும் தீர்மானமாகிவிட்டது. அன்று படம் முழுக்க அந்த அதிகாரியின் உதடு அசைவதற்காகக் காத்திருந்து அதன் பின்னால் ஓடினேன். நாளைக்குப் பாய் புரொஜக்டரைப் போட்டு, சுவரும் பனியும் திரையில் விழுந்த உடனே, அந்த ஆள் என்னை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, நான் முதலில் பேசப்போகிறேன்.